இடுப்புச் சாவி

கொஞ்சம் நகருங்க அம்முணி, அந்தக் கதவோர சீட்டை எனக்குக் குடுத்துருங்க. நீங்க சன்னல் பக்கம் போயிக்கங்க, காத்தாவது வரும். எனக்குக் கதவோரந்தான் ஆகும். கரூருக்குத்தானுங்க, கடைசி ஸ்டாப்புதான். இருந்தா என்ன, எறங்கறதுக்குச் சுலுவா இருக்குதல்ல? பையை மேல வெச்சுட்டனுங்க. உள்ள ரெண்டு டம்ளர் கெடக்குது, அதான் கடகடங்குது. கண்டுக்காதீங்க.

ஏனுங்க கண்டக்டர், கதவை எதுக்கு இப்பவே சாத்தறீங்க? வண்டி இன்னும் கெளம்பவே இல்லையல்ல. பாருங்க அம்முணி, மொறைக்கிற மொறையை. அவன் காட்டுல பங்கு கேட்டுட்டனாக்கும்.

நான் வேலைக்குப் போறனுங்க. இந்த வயசுலயான்னு பாக்கறீங்க. அம்பத்திமூணு ஒரு வயசுங்களா? கரூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு வார்டன் வேணுமாம். நேத்து போன்ல பேசுனாங்க. அந்த மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "எங்க ஹாஸ்டல்லயும் மாடிக்கு கிரில் கேட்டு இருக்குது, பூட்டிடுவோம். சாவி உங்ககிட்டத்தான் இருக்கும். பாத்துக்குவீங்களா வசந்தாமணி?" அப்படின்னாங்க. நேர்ல வந்து சொல்றனுங்கன்னு போனை வெச்சுட்டேன். பதினோரு வருசம் இடுப்புல சாவி சொருகிட்டு இருந்தவகிட்ட கேக்கற கேள்வியைப் பாத்தீங்களா?

வேலை கெடைக்கோணுமுங்க. வார்டனுக்கு ரூம் குடுப்பாங்க, அதுதான் எனக்கு ஊடு. ஊட்டுக்காரர் போயிச் சேர்ந்து ரொம்ப வருசமாச்சு. இன்னைக்கு அந்த மேடம் வேண்டாம்னு சொல்லிட்டா, திரும்பிப் போயி நிக்கறதுக்கு ஒரு வாசல் இல்லீங்க எனக்கு.

முன்ன இருந்த வேலையா? அது பூகம்பத்துல போச்சுங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். நாமக்கல் பக்கத்துல ஒரு பெரிய ஸ்கூலு. பேரு வேண்டாமுங்க. பொம்பளைப் புள்ளைக ஹாஸ்டலுக்கு நாந்தான் வார்டனு. மாடியில ப்ளஸ் டூ புள்ளைக நாப்பத்திரெண்டு பேரு. டாக்டருக்குப் படிக்கிறாளுகளாம். காத்தால எந்திரிச்சா பரீச்சை, பொழுது சாஞ்சா பரீச்சை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கோழிக்கொழம்பு போட்டு, ரெண்டு மணிக்கு மாடியில உக்கார வெச்சு ஒரு பரீச்சை. அது முடியற வரைக்கும் மாடிப்படி கிரில்லுக்குப் பூட்டு. கரஸ்பாண்டெண்ட் ஐயாவோட ஆர்டருங்க. முன்ன ஒரு வருசம் ஒருத்தி பரீச்சை நேரத்துல பரோட்டா திங்கறதுக்கு ரோட்டைத் தாண்டிட்டா. அன்னையிலிருந்து பூட்டு. சாவி வார்டன் ஒடம்பை விட்டு எறங்கக் கூடாது. குளிக்கப் போனாக்கூட இடுப்புலதான்.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைதான் பூமி ஆடுச்சு. நீங்க எந்த ஊருங்க? தொறையூரா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இங்கயே பாதிப் பேருக்குத் தெரியாதுங்க. ரெண்டாவது தெருவுல ஒரு கெழவன் கட்டில்ல படுத்தவன் பொறண்டுகூடப் படுக்கலையாம். மொத்தம் ஒரு இருவது செகண்டு. எங்க கட்டடத்துல ஒரு வெடிப்பு, அதுவும் பல்லி ஓடுன தடமாட்ட இத்துனூண்டு. பேப்பர்ல சோப்பு வெளம்பரத்துக்குக் கீழ நாலு வரி போட்டிருந்தான். "லேசான நில அதிர்வு" அப்படின்னு. லேசானன்னு பேப்பர்க்காரனே எழுதறான். இவளுக என்னமோ இமயமலையே தலையில விழுந்த மாதிரி ரெண்டு மாசம் பண்ணுன ரவுசு இருக்குதே!

சொல்றேன் கேளுங்க. மறுநாள்ல இருந்து ஒருத்திக்கும் சோறு எறங்கலை. ஒருத்தி ஷூ போட்டுட்டுத்தான் படுப்பா. ஒருத்தி பாத்ரூம் கதவைத் தாப்பாள் போட மாட்டா. சிநேகிதி வெளிய நின்னு கதவைப் புடிச்சுக்கோணும், இவ உள்ளயிருந்து விடாம பாட்டுப் பாடிட்டே குளிக்கோணும். ஈரோட்டுப் புள்ளை ஒருத்தி படுக்கையை நனைச்சுட்டா. பதினேழு வயசுங்க! எல்லாத்து முன்னாலயும் அவளையே மெத்தையைத் தூக்கியாந்து வெயில்ல போட வெச்சனுங்க. வெக்கப்பட்டா நின்னுரும்னு பாத்தேன். நிக்கலை. அடுத்த வாரம் இன்னொருத்தியும் சேந்துட்டா. தொத்து வியாதிங்க இதெல்லாம். ஒருத்தி அழுதா நாப்பத்தொண்ணும் அழுவும்.

ம்? எனக்கா? எனக்கு என்னங்க. நான் ரூம்ல படுக்கறதில்லை, வெராந்தா பெஞ்சுலதான் படுப்பேன். அது ஃபேன் சத்தம் ஆகாம. செருப்பைக் கழட்டறதில்லை, குதிங்கால் வலி. வயசாச்சுன்னா இதெல்லாம் இருக்கறதுதான.

அந்த டம்ளர் கூத்தைக் கேளுங்க. ஹாஸ்டல் புள்ளைக ஆளுக்கொரு தட்டு, ஒரு டம்ளர் ஊட்டுலயிருந்து கொண்டாருவாளுக. எவர்சில்வரு. மாறிப் போகாம இருக்க அதுல பேரு வெட்டியிருக்கும். எவளுக்குத் தோணுச்சோ தெரியலை, ஒரு டம்ளரை நேரா வெச்சு, அதும்மேல இன்னொண்ணைக் கவுத்து, அதும்மேல இன்னொண்ணு நேரா, இப்படியே அடுக்கி, கிரில் பக்கத்துல நாலஞ்சு கோபுரமாட்ட நிறுத்திட்டாளுக. எதுக்குங்கறீங்க? பூமி ஆடுச்சுன்னா மொதல்ல டம்ளர் விழுமாம். சத்தம் கேட்டதும் ஓடிரலாமாம். பிசிக்ஸ் படிக்கிற லட்சணம்! ஒரு எலி ஓடுனா விழுவுது, எவளாச்சும் தும்முனா விழுவுது. விழுந்துதோ, நாப்பத்திரெண்டு பேரும் கிரில்லுகிட்ட வந்து கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பாளுக. கத்தக்கூட மாட்டாளுக. பொட்டாட்டம் என்ற மூஞ்சியையே பாத்துட்டு நிப்பாளுக. எரிச்சலா வருமுங்க எனக்கு.

டம்ளரையெல்லாம் புடுங்கி என்ற ரூம்ல போட்டேன். மறுநாள் காத்தால டீக்கு டம்ளர் இல்லை. சோப்பு டப்பாவுல வாங்கிக் குடிச்சாளுக. திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

இதுல தலைவி ஒருத்தி, சாருநிதின்னு பேரு. சேந்தமங்கலத்துப் பக்கம், அப்பன் டெய்லரு. ஒல்லிக்குச்சி, கண்ணாடி போட்டவ. அவ கிரில்லுகிட்டவே பாயைப் போட்டுட்டா. படிக்கறது அங்க, திங்கறது அங்க. ஒரு காலை வாசப்படிக்கு வெளிய நீட்டி வெச்சுக்குவா. நான் கேட்டைச் சாத்தப் போனா காலை எடுக்க மாட்டா. "எடு புள்ளை" அப்படிம்பேன். "எடுக்கறனுங்க மேடம், நீங்க பூட்டலைன்னா எடுக்கறனுங்க" அப்படிம்பா. மரியாதையாத்தான் பேசுவா, அதுதான் இன்னும் கோவம். ஒரு நாளு சாத்தியே போட்டனுங்க, கால் மேலயே. கணுக்கால்ல பட்டு நீலமாப் போச்சு. அப்பவும் எடுக்கலை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!

பூமி ஆடறதுக்கு நானாங்க பொறுப்பு? இல்லை, கேக்கறேன். அவளுக பாக்கற பார்வையைப் பாத்தா நாந்தான் கீழ உக்காந்து கட்டடத்தை உலுக்குன மாதிரி இருக்கும்.

பரமத்தி வந்துருச்சா? கொஞ்சம் எட்டிப் பாருங்க. சரி, வந்துருச்சு.

அப்புறமேட்டுக்கு ஐயா ஒரு கவுன்சிலிங் பொண்ணைக் கூட்டியாந்தார். ரெஹானான்னு பேரு. வயசு இருவத்தாறு, இருவத்தேழு இருக்கும், தோள்ல துணிப்பை. புள்ளைக மனசுல இருக்கறதைப் பேசோணுமாம், பேசினா பாரம் எறங்குமாம். எங்க காலத்துல ரெண்டு போட்டா எறங்கிரும். சரி, படிச்சவ சொல்றா. ஆளுக்கொரு சார்ட் பேப்பர், கிரயான் குடுத்து, "அன்னைக்கு நடந்ததுல எது உங்களுக்கு மறக்கவே மாட்டேங்குதோ அதை வரைங்க" அப்படின்னா.

நானும் பின்னால நின்னு பாத்தனுங்க. பூகம்பம்னா என்ன வரையோணும்? கட்டடம் ஆடற மாதிரி, செவுரு விழற மாதிரி, ஃபேன் சுத்திக்கிட்டே ஊசலாடுன மாதிரி, அப்படித்தான வரையோணும்? இவளுக என்ன வரைஞ்சாளுகன்னு நெனைக்கறீங்க? பூட்டுங்க! பூட்டு! ஒருத்தியில்லை, ரெண்டு பேரில்லை, முப்பது பேருக்கு மேல பூட்டு வரைஞ்சு வெச்சிருக்காளுக. பெரிய பூட்டு, சின்னப் பூட்டு, கருப்புப் பூட்டு. பூகம்பத்தை வரையச் சொன்னா பூட்டுக் கடை வெளம்பரமாட்ட. இவளுக டாக்டருக்குப் படிச்சு எவன் வகுத்தைக் கிழிக்கப் போறாளுகளோ!

மிச்சம் இருந்தவளுக ஒரு பொம்பளையை வரைஞ்சிருந்தாளுக. முதுகுப் பக்கம். நைட்டி போட்ட பொம்பளை, கொடிக்கம்பத்துகிட்ட நிக்கிறா. நைட்டி நீலம், அதுல வெள்ளைப் பூ. சாருநிதி வரைஞ்சது மட்டும் அச்சாட்ட இருந்துச்சு. ஒவ்வொரு பூவுலயும் அஞ்சு இதழ், தோள்ல போட்ட துண்டுல கரைகூட விடலை. டெய்லர் மகளல்ல, துணி நல்லா வருது.

ஆமாங்க, என்ற நைட்டிதான். அதை அன்னையோட கரித்துணியாக்கிட்டேன். பழசுதான், தோள்பட்டையில பிஞ்சிருந்துச்சு.

அது வந்துங்க... ஞாயித்துக்கிழமையில்லீங்களா. கோழிக்கொழம்பு சாப்புட்டு, மாடியைப் பூட்டிட்டு, கீழ என்ற ரூம்ல கொஞ்சம் சாஞ்சிருந்தேன். கட்டில் ஆடுச்சு. மேல ஃபேனு ஆடுச்சு. அலமாரியில இருந்த சாமி படம் விழுந்துச்சு. நான் எந்திரிச்சு வெளிய போயிப் பாத்தேன். பாக்கோணுமல்ல? பொறுப்புல இருக்கறவ வெளிய நின்னாத்தான கட்டடம் எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்ல முடியும்? எல்லாரும் உள்ளயே நின்னா யாரு சொல்றது? கொடிக்கம்பத்துகிட்ட நின்னு பாத்தனுங்க. ஒரு ரெண்டு நிமிசம் இருக்கும்.

மேல அவளுக கத்தறாளுக. கிரில்லைப் புடிச்சு ஆட்டறாளுக. மேடம் மேடம்னு சத்தம். "இருங்கடி, வர்றேன்" அப்படின்னு நானும் சொன்னேன். சொன்னதாத்தான் நெனப்பு. அஞ்சு நிமிசம் ஆகியிருந்தா அதிகம்.

அதுக்குள்ள அந்த வாட்ச்மேன் மாரப்பன் ஓடியாந்தான். "சாவி எங்கங்க?" அப்படின்னான். தேடிட்டு இருக்கேன்னேன். "கையிலதான வெச்சிருக்கறீங்க!" அப்படின்னான். பாத்தா கையில இருக்குது. நைட்டிக்குள்ள பாவாடை இடுப்புலயிருந்து எப்ப எடுத்தேன்னு தெரியலை. "குடுங்க"ங்கறான். கை வர மாட்டேங்குது. நான் குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க, கை தொறக்கலை, அத்தனைதான். ஒரு பொம்பளை கையைப் புடிச்சு ஒவ்வொரு வெரலா நெம்பறான், ராஸ்கல்! ஊரான் பொண்டாட்டி கையை இப்படிப் புடிப்பானாங்க ஒருத்தன்? நகம் பிஞ்சு ரத்தம் வந்துச்சு. சாவியைப் புடுங்கிட்டு மாடிக்கு ஓடிட்டான். பெரிய வீரனாட்டம்.

ஸ்கூல்ல கேமரா வெச்சிருக்காங்கல்ல, அதுல பதினோரு நிமிசம்னு காட்டுதாம். கேமராவுல ஓடற கடிகாரமெல்லாம் சரியா இருக்குமாங்க?

சரி, அதை விடுங்க. அந்த ரெஹானா எங்கிட்டயும் வந்தா. "உங்களுக்கு எப்படிங்க மேடம் இருக்குது? தூங்கறீங்களா?" அப்படின்னு கேட்டா. "நான் என்ன ரெட்டைச் சடை போட்ட புள்ளையா? போ கண்ணு, போயி அவளுகளைப் பாரு" அப்படின்னுட்டேன். எனக்கும் ஒரு சார்ட் பேப்பரைக் குடுத்துட்டுப் போனா. அலமாரித் தட்டுக்கு விரிச்சுக்கிட்டேன்.

படம் வரைஞ்சா பயம் போவுதாக்கும்? பயந்த கோளாறுக்கு என்ன பண்ணோணும்னு எனக்குத் தெரியாதா? உப்பு, மொளகா சுத்திப் போட்டா சரியாப் போயிரும். சின்னக் கொழந்தைல இருந்து பாக்கறதுதான. ஒரு வெள்ளிக்கெழமை, பொழுது சாயற நேரம். நாப்பத்திரெண்டு பேரையும் மாடி ஹால்ல உக்கார வெச்சேன். தனித்தனியாச் சுத்துனா ஆளுக்கு ஒரு கை மொளகா, எப்ப முடியறது? அதனால எல்லாத்துக்கும் சேத்து ஒரே தட்டம். கிச்சன்ல சொல்லி ஒரு படி வரமொளகா, கல்லுப்பு, கடுகு. மூணு தடவை எல்லாத்தையும் வளைச்சுச் சுத்துனேன். ஆளுக்கு மூணு தடவை துப்புங்கடின்னேன். துப்புனாளுக. கீழ எடுத்துட்டுப் போயிப் போடோணும்னா நடுவுல எவளாச்சும் நழுவிருவா. அதனால இரும்புச் சட்டியில நெருப்பை மேலயே கொண்டாரச் சொல்லி, கிரில்லை உள்பக்கமாப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். இந்தத் தடவை நானும் உள்ளதான இருக்கேன், அப்புறம் என்ன பயம்?

தட்டத்தைச் சட்டியில கவுத்தேன் பாருங்க.

ஒரு படி மொளகாயிங்க! கமறல்னா கமறல், அப்படியொரு கமறல். கண்ணைத் தொறக்க முடியலை. இருமறாளுக, கண்ணுல தண்ணி ஊத்துது. கண்ணேறு பலமா இருந்தாக் கமறவே கமறாதும்பாங்க. கமறுச்சுன்னா கண்ணேறே இல்லைன்னு அர்த்தம். அதைச் சொல்லலாம்னு வாயைத் தொறக்கறேன், அந்த நேரம் பாத்து எவ காலோ பட்டு அந்த டம்ளர் கோபுரமெல்லாம் விழுந்துச்சு. கலகலகலன்னு நாப்பது டம்ளரும் கிரில் சந்துல நழுவிப் படியில உருண்டு போவுது.

அத்தனை பேரும் ஓடியாந்துட்டாளுக கிரில்லுக்கு. ஒருத்தி மேல ஒருத்தி. நான் முன்னாலயே கிரில்லுகிட்ட நின்னுட்டேன். நான் எப்ப ஓடியாந்தேன்னு கேக்காதீங்க. கம்பியைப் புடிச்சுக்கிட்டேன். கத்தறேன். "கதவைத் தொறங்க! மாரப்பா, கதவைத் தொறடா! யாராச்சும் தொறங்க சாமி!" தொண்டை கிழியக் கத்தறேன். கீழ ஒருத்தனும் இல்லை. கொடிக்கம்பம் மட்டும் நிக்குது. எனக்கு அந்தக் கம்பத்தைப் பாத்ததும்...

பயந்துட்டனுங்க. அத்தனைதான். பயந்துட்டேன்.

சாவி என்ற இடுப்புல இருந்துச்சுங்க. எனக்குத் தெரியலை.

அப்ப ஒரு கை வந்து என்ற இடுப்புச் சேலையை நெகிழ்த்துச்சு. அந்தச் சாருநிதிதான். கண்ணாடி எங்கயோ விழுந்துருச்சு, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. சாவியை எடுத்தா, பூட்டைத் தடவிப் பாத்துத் தொறந்தா. தொறந்துட்டு ஓடியிருக்கலாமல்ல? ஓடலை. கதவு ஓரமா முதுகைக் குடுத்து நின்னுக்கிட்டு, "ஒவ்வொருத்தரா போங்க, தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா" அப்படின்னு எண்ணறா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணுனா. அப்புறம் என்ற கையைப் புடிச்சா. நான் கம்பியை விடலை. மாரப்பனாட்ட நெம்பலை அவ. வெரல் மேல கையை வெச்சுக்கிட்டு, "மேடம், தொறந்துருச்சுங்க. தொறந்துதான் இருக்குதுங்க" அப்படின்னு சொல்லிட்டே நின்னா. புகையில இருமிக்கிட்டே சொல்றா. கொஞ்ச நேரத்துல என்ற கை தானா விட்டுருச்சு. படி எறக்கிக் கூட்டியாந்துட்டா.

ரெண்டு பேரு மயக்கம் போட்டாளுக. நெரிசல்ல ஒருத்திக்கு மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சுபோச்சு. பெத்தவங்க காரெடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. ஐயா ரூம்ல விசாரணை. நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "ஐயா, சாவி வார்டன் ஒடம்பை விட்டு எறங்கக் கூடாதுங்கறது உங்க ஆர்டரு. அந்தப் புள்ளை என்ற இடுப்புல கை விட்டுச் சாவியைத் திருடிட்டா. அதுக்கு மொதல்ல ஆக்சன் எடுங்க" அப்படின்னேன். இன்னைக்கு வரைக்கும் அதுல என்ன தப்புன்னு எனக்குத் தெரியலீங்க. ஆர்டருன்னா ஆர்டருதான?

ஐயா அந்தக் கேமராவைப் போட்டுக் காட்டுனார். ஞாயித்துக்கிழமைதைப் போட்டார். பாத்தேன். மாடியில கை கையா வெளிய நீட்டிக்கிட்டு இருக்குது, நாப்பது அம்பது கை. கீழ ஒரு பொம்பளை நிக்கிறா. நீல நைட்டி. திரும்பியே பாக்கலை அவ. பாத்துட்டே இருக்கேன், திரும்புவா திரும்புவான்னு. பதினோரு நிமிசம் திரும்பலீங்க.

என்னமோ யாரோ மாதிரி இருந்துச்சு.

பொட்டியைக் கட்டிட்டு வெளிய வந்தா, கேட்டுகிட்ட சாருநிதி நிக்கிறா. பரீச்சை நேரம், பரீச்சையை விட்டுட்டு வந்திருக்கா. படிக்கிற லட்சணம் இதுதான். "என்னடி, சந்தோசமா இப்ப?" அப்படின்னு கேட்டேன். இல்லீங்கன்னு தலையை ஆட்டுனா. கையில ரெண்டு டம்ளர். ஒண்ணுல அவ பேரு வெட்டியிருக்குது, இன்னொண்ணு அந்த ஈரோட்டுப் புள்ளையுது. "போற எடத்துல பக்கத்துல வெச்சுக்கங்க மேடம். கவுத்து வெச்சாத்தான் சத்தம் வரும்" அப்படின்னா. கிண்டல் பண்றாளான்னு மூஞ்சியைப் பாத்தேன். கிண்டல் இல்லீங்க. எனக்குக் கோவமான கோவம். இவளுக குடுத்துத்தான் நான் தண்ணி குடிக்கோணுமாக்கும்னு நெனச்சேன். தூக்கி எறிஞ்சிருக்கோணும். வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன்.

தண்ணி குடிக்கத்தானுங்க. ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வெச்சா எடம் அடைக்காது, அதுக்கோசரம் அப்படி வெச்சுக்கறேன்.

பரமத்தி வேலூர் தாண்டிட்டமா? இது காவேரிப் பாலமுங்களா? ஏன் நிக்குது வண்டி? முன்னால லாரியா? எத்தனை லாரி? பாலத்து மேலயா நிறுத்துவாங்க? ஆடுது பாருங்க. உங்களுக்குத் தெரியலையா? காலை நல்லாக் கீழ வெச்சுப் பாருங்க. பாலம்னா ஆடத்தான் செய்யும்னு தெரியுமுங்க, எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் ஒரு டிப்பர் வருது, அதனாலதான். கண்டக்டர், கதவு... கதவைக் கொஞ்சம்...

ஐயோ! எந்திரிங்க! எந்திரிங்க அம்முணி, கையைக் குடுங்க! கண்டக்டர், தொறங்க! எறங்குங்க, நீங்க மொதல்ல எறங்குங்க, நான் புடிச்சுக்கறேன், பாத்து, படி...

ஆங்?

பையா? என்ற பை விழுந்துச்சா?

டம்ளருங்களா.

எல்லாரும் உக்காருங்க சாமி, ஒண்ணுமில்லீங்க, டம்ளர் விழுந்துருச்சு. தண்ணி குடிக்கிற டம்ளரு. அந்தா, சீட்டுக்கு அடியில ஒண்ணு உருளுது பாருங்க, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பேரு வெட்டியிருக்கும், சாருநிதின்னு. சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கங்க கண்டக்டர், உங்களுக்கு என்ன, படியிலயே நிக்கறவரு நீங்க.

அம்முணி, உங்க கை செவந்து போச்சே. மன்னிச்சுக்கங்க. முன்னப்பின்ன தெரியாத உங்களை இப்படிப் புடிச்சு இழுத்துட்டேன். வளையல் ஒடையலையே? நல்லவேளை.

நானு மொதல்ல எறங்கலையல்ல? நீங்க பாத்தீங்கல்ல? உங்க கையைப் புடிச்சேன் அல்ல? நீங்க மொதல்ல எறங்குங்கன்னு சொன்னேன், காதுல விழுந்துச்சுங்களா?

கெளம்பிருச்சு. இன்னும் அரை மணி நேரத்துல கரூர். அந்த மேடத்துகிட்ட சொல்லிரப் போறனுங்க. மேடம், மாடியிலயே எனக்கு ஒரு ரூம் குடுங்க, புள்ளைகளோட படுத்துக்கறேன். கேட்டுல பூட்டு மட்டும் தொங்க வேண்டாம். பூட்டித்தான் ஆகோணும்னா சாவியை எங்கிட்டக் குடுக்காதீங்க, இருக்கறதுலயே ஒல்லியா ஒரு புள்ளைகிட்டக் குடுங்க. அதுக்கு ஒத்துக்கலைன்னா அடுத்த பஸ்ஸைப் புடிக்க வேண்டியதுதான். பஸ்ஸு எங்க போகும்னுதான் தெரியலை.

உங்க பேரு என்னங்க? இத்தனை நேரம் பேசிட்டு வர்றேன், பேரே கேக்கலை. அகிலாவா? சரிங்க அகிலா. யாராச்சும் என்னைக்காச்சும் உங்களைக் கேட்டா இதை மட்டும் சொல்லோணும். வசந்தாமணி தனியா எறங்கலைன்னு சொல்லோணும்.